நான் பார்க்காத வேலைக்கு என் கையெழுத்து

வட மாநிலம் ஒன்றில் உள்ள விமானப் பயிற்சிப் பள்ளியில் பராமரிப்புப் பொறியாளராகப் பணிபுரியும் தமிழ் இளைஞர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

பிஸ்டன் இன்ஜின் விமானங்களுக்கான பி1.2 உரிமத்தை அவர் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பள்ளியில் இருப்பவை பெரும்பாலும் செஸ்னா 172 ரகச் சிறிய விமானங்கள். பராமரிப்பு வேலை முறைப்படி முடிந்ததற்குச் சான்றாகக் கையெழுத்திடும் தகுதி உள்ள பொறியாளர்கள் தலைமைப் பொறியாளரையும் சேர்த்து மூன்றே பேர். ஏஎம்இ என்ற விமானப் பராமரிப்புப் பொறியியல் படிப்பை முடித்துவிட்டு உரிமத்துக்கான அனுபவக் காலத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கும் பயிற்சிப் பொறியாளர்களே ஹாங்கரில் (விமானக் கொட்டகையில்) பெரும்பாலான வேலைகளைச் செய்கிறார்கள். அண்மையில் மூன்று முறை, இரவில் பயிற்சிப் பொறியாளர்கள் முடித்து வைத்த வேலைகளுக்கு, பேனல்கள் எல்லாம் மூடப்பட்ட பிறகு காலையில் வந்து இவர் கையெழுத்திட்டிருக்கிறார். அவற்றில் இரண்டு, ஒவ்வொரு 100 மணி நேரப் பறத்தலுக்கும் செய்யும் 100 மணி நேர இன்ஸ்பெக்ஷன்கள். மூன்றாவது, ஏலரானை (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகை) இயக்கும் கேபிளை மாற்றிய பின் செய்ய வேண்டிய டூப்ளிகேட் இன்ஸ்பெக்ஷனுக்கான இரண்டாவது கையெழுத்து. முதல் கையெழுத்தைப் போட்டிருந்த தலைமைப் பொறியாளரும் அன்று இரவு ஹாங்கரில் இல்லை. பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொள்வதாகவும், இது ஒன்றும் ஏர்பஸ் இல்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

நான்காவது முறை இவர் மறுத்துவிட்டார். அன்றிலிருந்து, அங்கீகாரத்தைப் பறித்துவிடுவோம், உரிமமும் போய்விடும் என்ற மிரட்டல் தொடர்கிறது. இடையில் விலகினால் மூன்று லட்ச ரூபாய் தருவதாக எழுதிக் கொடுத்த பிணைப் பத்திரமும் அசல் சான்றிதழ்களும் அலுவலகத்தில் இருக்கின்றன. பயிற்றுநர்கள் சொல்லும் ஸ்னாக்குகள் (பறக்கும்போது கண்ட குறைகள்) டெக் லாக் என்ற விமானப் பதிவேட்டில் ஏறாமல் துண்டுச் சீட்டுகளில் வருவதாகவும் எழுதியிருக்கிறார். உரிமத்தை இவர்களால் ரத்து செய்ய முடியுமா, சட்டப்படி பொறுப்பு நிறுவனத்துடையதுதானே, பெயர் போடாமல் டிஜிசிஏவுக்கு (விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்) புகார் அனுப்பினால் சட்டப் பாதுகாப்பு கிடைக்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விகள் மூன்றும் உங்களைப் பற்றியவை. அதில் தவறில்லை, வேலையும் கடனும் உள்ளவர் அப்படித்தான் கேட்பார். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீங்கள் பார்க்காமல் கையெழுத்திட்ட அந்த மூன்று வேலைகளுக்குரிய விமானங்கள் இன்று எங்கே இருக்கின்றன? ‘அதன் பிறகு அவை ஒழுங்காகத்தான் பறந்துகொண்டிருக்கின்றன’ என்று கடிதத்தின் ஓரிடத்தில் உங்களுக்கு நீங்களே ஆறுதல் சொல்லிக்கொள்கிறீர்கள். அந்த ஆறுதலை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். மற்றவை எல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது.

முதலில் விமானம்

ஏலரான் கேபிள் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு மனிதரின் கண் தவறவிடுவதை இன்னொரு மனிதரின் கண் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் டூப்ளிகேட் இன்ஸ்பெக்ஷனை வைத்திருக்கிறார்கள். உங்கள் பள்ளியில் நடந்ததில் முதல் கண்ணும் இல்லை, இரண்டாவது கண்ணும் இல்லை. இரண்டு கையெழுத்துகள் மட்டும் இருக்கின்றன. எனவே, ஒருவர் பார்த்ததை மற்றவர் சரிபார்க்கவில்லை என்ற குறைபாடாக இதை எண்ண வேண்டாம். அந்தக் கேபிளை உரிமம் பெற்ற எவரும் இன்றுவரை பார்க்கவில்லை.

பார்ப்பது என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இறக்கையின் அடிப்பக்கப் பேனல்கள் திறந்திருக்க வேண்டும். கேபிள் ஒவ்வொரு புல்லியின் பள்ளத்திலும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, அது வழுவாமல் காக்கும் கார்டு பின் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கேபிளின் இழுவிசையைச் சரிசெய்யும் திருகான டர்ன்பக்கிளுக்கு வெளியே மூன்று மரைக்கு மேல் தெரியக்கூடாது. லாக் வயரோ கிளிப்போ முறைப்படி போடப்பட்டிருக்க வேண்டும். டென்ஷியோமீட்டரால் இழுவிசையை அளந்து, மேனுவல் தரும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். அந்தக் கருவியின் கேலிபரேஷன் தேதியும் கடந்திருக்கக் கூடாது. கடைசியாக, ஒருவர் காக்பிட்டில் அமர்ந்து கட்டுப்பாட்டுச் சக்கரத்தை இடப்பக்கம் திருப்ப, மற்றவர் இறக்கை முனையில் நின்று இடது ஏலரான் மேலே எழுகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டைவிரல்களை நிமிர்த்திச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினால், விரல்கள் சாயும் பக்கத்து ஏலரான்தான் எழ வேண்டும் என்று பயிற்சி விமானிகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். இவ்வளவு எளிய சோதனையைத் தாண்டியும் தவறு வெளியே போயிருக்கிறது. 2018 நவம்பர் 11 அன்று, போர்ச்சுகலின் அல்வெர்காவில் பெரிய பராமரிப்புப் பணியை முடித்துக்கொண்டு கிளம்பிய ஏர் அஸ்தானா நிறுவனத்தின் எம்ப்ரேயர் 190 விமானத்தில் ஏலரான் கேபிள்கள் தவறாக இணைக்கப்பட்டிருந்தன. விமானிகள் நெடுநேரம் போராடி பெஜா என்ற இடத்தில் அதை இறக்கினார்கள்.

எனவே நாளைக் காலையே உங்கள் நிறுவனத்தின் குவாலிட்டி மேனேஜருக்கு அலுவலக மின்னஞ்சலில் எழுதுங்கள். நிறுவனத்தின் சார்பில் இறுதிப் பொறுப்பேற்கும் அக்கவுண்டபிள் மேனேஜருக்கும் ஒரு படி போகட்டும். விமானத்தின் பதிவெண், தேதி, வொர்க் ஆர்டர் எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அந்த வேலைகளை நீங்கள் நேரில் சரிபார்க்கவில்லை என்பதையும், மீண்டும் பறக்கும் முன் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதையும் நான்கு வரிகளில் சொல்லுங்கள். யார் மீதும் குற்றம் சுமத்த வேண்டாம். காரணங்களை விவரிக்கவும் வேண்டாம். வழக்கறிஞர் என்ற முறையில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மின்னஞ்சல் உங்களுக்கு எதிராகவும் பயன்படக்கூடிய ஒப்புதல். ஒழுங்கு நடவடிக்கை வராது என்று என்னால் உறுதி தர முடியாது. ஆனால் தவறைத் தானே முன்வந்து சொல்லித் திருத்தியவரையும், விபத்துக்குப் பிறகு விசாரணையில் அகப்பட்டவரையும் எந்த அதிகாரியும் ஒரே தட்டில் வைப்பதில்லை. அனுப்பும் முன் வாசகத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்ளலாம். அதற்காக ஒரு நாளுக்கு மேல் தாமதிக்காதீர்கள்.

100 மணி நேர இன்ஸ்பெக்ஷன்கள் இரண்டிலும் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டுமா என்று கேட்பீர்கள். அதைக் குவாலிட்டி பிரிவுதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் சிலவற்றைத் தவிர்க்க முடியாது. செஸ்னாவின் இருக்கைகள் நகரும் சீட் ரெயில்களுக்கு, அமெரிக்க விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ பிறப்பித்த 2011-10-09 என்ற ஏர்வொர்தினஸ் டைரக்டிவ் (கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு) இருப்பதை அறிவீர்கள். ரெயிலின் துளைகள் தேய்ந்திருந்தாலும், இருக்கையைப் பூட்டும் ஊசி (பின்) முழுமையாக இறங்காவிட்டாலும், மூக்கு மேலெழும் நேரத்தில் இருக்கை பின்னால் வழுக்கும். பிடிமானத்துக்குக் கையில் கிடைப்பது கட்டுப்பாட்டுச் சக்கரம்தான். அதை இழுத்தால் விமானம் மேலும் நிமிர்ந்து, இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் நிலைக்குப் போகும். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்த்தது யார்? சிலிண்டர்களின் அழுத்தத்தைப் பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனையின் எண்கள் உண்மையில் அளந்தவையா, போன முறை எழுதியதைப் பார்த்து எழுதியவையா? நான்கு சிலிண்டரிலும் ஒரே எண் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

பறந்ததே சான்றாகுமா?

2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் ஷார்லட் விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட ஏர் மிட்வெஸ்ட் 5481 என்ற பீச் 1900டி விமானம் உடனே விழுந்து, அதிலிருந்த 21 பேரும் இறந்தார்கள். விபத்துக்கு முந்தைய நாள்களில்தான் அதன் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) இயக்கும் கேபிளின் இழுவிசை சரிசெய்யப்பட்டிருந்தது. செய்தவருக்கு அந்த வகை விமானத்தில் அந்த வேலை முதல் முறை. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரும், வேலையை ஆய்வு செய்து கையெழுத்திட்டவரும் ஒரே இன்ஸ்பெக்டர். கேபிளைச் சரிசெய்யும் ரிக்கிங் முறையில் சில படிகள் தேவையில்லை என்று இருவரும் தாண்டிச் சென்றார்கள்; தவறைக் காட்டிக் கொடுத்திருக்கக்கூடிய இறுதிச் சோதனையும் தாண்டப்பட்ட படிகளில் ஒன்று. மூக்கைக் கீழே தள்ளும் திசையில் எலிவேட்டரின் அசைவு வெகுவாகக் குறைந்துபோனது.

அதற்குப் பிறகும் அந்த விமானம் பல முறை பறந்தது. எவருக்கும் எதுவும் தோன்றவில்லை. விபத்து நாளில்தான் பயணிகளும் பெட்டிகளும் நிறைந்து, எடைமையம் பின்னால் தள்ளிப்போய், அந்த அசைவு முழுவதும் தேவைப்பட்டது. உங்கள் செஸ்னாவில் ஒரு பயிற்றுநரும் ஒரு மாணவரும் அமர்ந்து அமைதியான காலை வேளையில் ஓடுபாதையைச் சுற்றிச் சர்க்யூட் அடித்துவிட்டு வருவதை வைத்து, குறுக்குக் காற்றில் தனியாக இறங்கும் மாணவருக்கு ஏலரான் முழு அசைவும் கிடைக்கும் என்று எப்படிச் சொல்வது?

இதே இடத்தில் ‘ஏர்பஸ் இல்லை’ என்ற வாதத்தையும் முடித்துவிடுகிறேன். 172எஸ் விமானத்தின் உச்ச எடை 1,157 கிலோ. ஏர்பஸ்ஸோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லைதான். ஆனால் இந்தச் சிறிய விமானத்துக்கு இருப்பது ஒரே இன்ஜின். பல சமயம் உள்ளே இருப்பவர் நாற்பது ஐம்பது மணி நேரம்கூடப் பறந்திராத ஒருவர். பக்கத்தில் கைகொடுக்க ஆளில்லை. பெரிய விமானத்தில் ஒன்று செயலிழந்தால் தாங்க இன்னொன்று இருக்கும். சிறிய விமானத்தில் பராமரிப்புதான் அந்த இரண்டாவது அமைப்பு. சின்ன விமானத்துக்கு விதிகள் எளிமையாக இருக்கலாம். கையெழுத்தின் பொருள் எங்கும் ஒன்றுதான்.

பொறுப்பும் உரிமமும்

பொறுப்பு நிறுவனத்துடையது என்று நீங்கள் நினைப்பது பாதி சரி. விமானத்தைப் பறக்கத் தகுதியான நிலையில் வைத்திருக்கும் கடமை நிறுவனத்துக்கும், அதற்கான ஆளும் பணமும் தரும் கடமை அக்கவுண்டபிள் மேனேஜருக்கும் உண்டு. ஆனால் சான்றிதழில் கையெழுத்திடுபவர், வேலை முறைப்படி முடிந்ததைத் தாம் சரிபார்த்ததாக அறிவிக்கிறார். அந்த அறிவிப்பு அவருடையது. மேலதிகாரி வாய்மொழியாகச் சொல்லும் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ அதை ஒரு அங்குலம்கூட நகர்த்தாது. பயிற்சிப் பொறியாளர்கள் செய்த வேலைக்கு நீங்கள் கையெழுத்திடவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. உங்கள் மேற்பார்வையில் அவர்கள் செய்ய, நீங்கள் தேவையான கட்டங்களில் பார்த்துக் கையெழுத்திடுவதுதான் இந்தத் தொழில் கற்றுக்கொடுக்கப்படும் முறையே. மூடிய பேனலுக்கு வெளியே நின்று செய்வது மேற்பார்வை ஆகாது.

பராமரிப்புப் பொறியாளர் உரிமத்துக்கான நம் சிஏஆர்-66 விதிமுறை ஐரோப்பிய விதிகளை அடியொற்றி எழுதப்பட்டது. அந்த விதிமுறையில் உரிமத்தை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ காரணமாகக் குறிப்பிடப்படுபவற்றில், பராமரிப்புப் பதிவைப் பொய்யாக்குவதும், வேலை நடந்ததா என்று சரிபார்க்காமலே சான்றளிப்பதும் இருக்கின்றன. ஆக, உங்கள் உரிமத்துக்கு ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. அது நீங்கள் மறுத்த நான்காவது வேலையிலிருந்து வரவில்லை, கையெழுத்திட்ட மூன்றிலிருந்து வருகிறது. உயிரிழப்பு நேர்ந்தால் பாரதிய நியாய சம்ஹிதாவின் 106வது பிரிவு வரும். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு அதில் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பழைய சட்டத்தில் இது இரண்டாண்டாக இருந்தது. உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் கவனக்குறைவுக்கு, மரணம் நேராவிட்டாலும், 125வது பிரிவு இருக்கிறது.

இனி மிரட்டலுக்கு வருவோம். உரிமத்தை உங்களுக்கு வழங்கியது டிஜிசிஏ. அதற்கு மேல், இந்தந்த விமானத்தில் இந்தந்த வேலைக்குக் கையெழுத்திடலாம் என்ற அங்கீகாரத்தைத் தருவது நிறுவனத்தின் குவாலிட்டி பிரிவு. அங்கீகாரத்தைப் பள்ளி திரும்பப் பெறலாம்; உரிமத்தைத் தொட அதற்கு அதிகாரம் இல்லை. 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்காக 1937ஆம் ஆண்டு விதிகள் காலாவதியாகிவிடவில்லை. உரிமத்தை ரத்து செய்யவோ நிறுத்தி வைக்கவோ அவற்றின் 19வது விதிப்படி அரசுத் தரப்புதான் நடவடிக்கை எடுக்க வேண்டும். உங்கள் விளக்கத்தைக் கேட்க வாய்ப்பும் தர வேண்டும். பார்க்காத வேலைக்குக் கையெழுத்திட மறுத்தார் என்று எழுதி எந்த நிறுவனமும் டிஜிசிஏவுக்குக் கடிதம் அனுப்பத் துணியாது. அங்கீகாரத்தைப் பறித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் காகிதம் அடுத்த வேலைக்குப் போகும்போது உங்களுக்குப் பயன்படும்.

மறுக்கும் விதத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். ‘போட மாட்டேன்’ என்று சொல்வதைவிட, ‘பேனலைத் திறக்கச் சொல்லுங்கள் சார், பார்த்துவிட்டுப் போடுகிறேன், இரண்டு மணி நேரம் ஆகும்’ என்று சொல்வது நல்லது. தலைமைப் பொறியாளருக்கும் மேலிருந்து நெருக்கடி இருக்கிறது. காலை ஆறரை மணிக்கு மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். அவருக்கு ஒரு வழியைத் திறந்து வைத்தால், அவர் அதை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு நீங்கள் நினைப்பதைவிட அதிகம். எடுத்துக்கொள்ளாவிட்டாலும், நீங்கள் வேலையை மறுக்கவில்லை என்பது பதிவாகிவிடும்.

துண்டுச் சீட்டுகள் பற்றி ஒரு வார்த்தை. மேக்னட்டோ டிராப் (பிளக்குகளுக்கு மின்பொறி தரும் மேக்னட்டோவைச் சோதிக்கும்போது இன்ஜின் சுழற்சி குறைவது) அதிகம் என்று பயிற்றுநர் சொன்னால், எரிபொருள் கலவையை மெலிதாக்கி இன்ஜினை ஓடவிட்டு பிளக்கைச் சுத்தமாக்குவது பல நேரங்களில் சரியான வழிதான். ஆனால் அது டெக் லாக்கில் ஏற வேண்டும். அதே மேக்னட்டோ ஒரே மாதத்தில் ஐந்தாவது முறை தொல்லை தருகிறது என்பதைச் சீட்டு யாருக்கும் சொல்லாது. சீட்டு உங்கள் கைக்கு வந்தால், பயிற்றுநரிடம் லாக்கில் எழுதித் தரும்படி கேளுங்கள். கையெழுத்தில்லாத குறைக்கு வேலை செய்து கொடுக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள்.

புகார், பெயர், பிணைப் பத்திரம்

2014ஆம் ஆண்டின் தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம் உங்களைக் காக்கும் என்று நம்புகிறீர்கள். அது பொது ஊழியர்களின் ஊழல், அதிகார முறைகேடு பற்றிய புகார்களுக்கானது. தனியார் பயிற்சிப் பள்ளியின் ஊழியர் தன் முதலாளி மீது தரும் புகாருக்கு அதில் இடமில்லை. பெயரில்லாக் கடிதத்தையும் நான் பரிந்துரைக்கவில்லை. மூன்றே பேர் கையெழுத்திடும் இடத்தில், எழுதியது யார் என்று மாலைக்குள் தெரிந்துவிடும். விளக்கம் கேட்க அதிகாரிக்கோ ஆள் இருக்காது. முதலில் நிறுவனத்துக்குள் இருக்கும் குவாலிட்டி வழி. அங்கே குறித்த நாள்களுக்குள் பதில் இல்லை, விமானம் திறந்து பார்க்கப்படாமலே பறக்கிறது என்றால், டிஜிசிஏவின் பிராந்திய ஏர்வொர்தினஸ் அலுவலகத்துக்குப் பெயரோடு எழுதுங்கள். பாதுகாப்பு சார்ந்த தகவல்களைத் தாமாக முன்வந்து தெரிவிக்கும் முறை ஒன்றும் டிஜிசிஏவில் இருக்கிறது. அது பொதுவான ஆபத்துகளைச் சொல்ல ஏற்றது. ஒரு குறிப்பிட்ட விமானத்தை நாளைக் காலை நிறுத்த வேண்டிய நிலையில் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

ஆவணங்களைப் படம் பிடித்து வீட்டுக்கு எடுத்துப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்திக்கொள்ளுங்கள், ரகசியக் காப்பு விதியைக் காட்டி உங்களையே குற்றவாளியாக்க அது உதவும். பதிலாக, தேதி, விமானம், வேலை, யார் என்ன சொன்னார் என்பதை அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நடந்த அன்றே எழுதிய குறிப்புக்கு விசாரணையில் உள்ள மதிப்பு, ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதிய பத்துப் பக்கத்துக்கு இல்லை. பயிற்சிப் பொறியாளர்களின் அனுபவப் பதிவேட்டிலும் இதே எச்சரிக்கை தேவை. அவர்கள் செய்யாத வேலையைச் செய்ததாக நீங்கள் கையெழுத்திட்டால், நாளை தகுதியில்லாத ஒருவர் உரிமத்தோடு வேறொரு ஹாங்கரில் நிற்பார்.

பிணைப் பத்திரம் உங்களை அளவுக்கு மீறி அச்சுறுத்துகிறது. பத்திரத்தில் மூன்று லட்சம் என்று எழுதியிருப்பதாலேயே மூன்று லட்சமும் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74வது பிரிவு, குறிப்பிட்ட தொகையை உச்சவரம்பாகக் கொண்டு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. உங்களுக்கு அளித்த பயிற்சிக்கு நிறுவனம் உண்மையில் என்ன செலவழித்தது, பத்திரக் காலத்தில் எவ்வளவு கடந்துவிட்டது என்பவை கணக்கில் வரும். முறையற்ற செயலுக்கு வற்புறுத்தியதால் விலக நேர்ந்தது என்பதும் வலுவான எதிர்வாதம். மேலே சொன்ன மின்னஞ்சல் அப்போது உங்கள் முதல் சாட்சி. பத்திரமே செல்லாது என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். இத்தகைய பத்திரங்களை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட நேரங்களும் உண்டு. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பது வேறு விஷயம். அவற்றைத் திருப்பித் தரக் கோரி சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள்.

விலகுவதா, இருப்பதா என்று இப்போதே முடிவெடுக்க வேண்டாம். குவாலிட்டி பிரிவு உங்கள் மின்னஞ்சலை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். விமானங்களை நிறுத்தித் திறந்து பார்த்தார்கள் என்றால், அங்கே இன்னும் வேலை செய்யலாம். மறுஆய்வே செய்யாமல் மின்னஞ்சலைத் திரும்பப் பெறச் சொன்னால், அடுத்த வேலையைத் தேடத் தொடங்குங்கள். 24 மாதங்களில் ஆறு மாதமாவது பராமரிப்பு அனுபவம் இல்லாவிட்டால் உரிமத்தின் சலுகைகளைப் பயன்படுத்த முடியாது என்பதால், இடைவெளியை நீளவிட வேண்டாம். பிணைப் பத்திரத்தின் நகலும் பணி நியமனக் கடிதத்தின் நகலும் உங்களிடம் இருந்தால், பெயர்களை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள்; தொகையைப் பற்றி அவற்றைப் படித்த பிறகு தனியாக எழுதுகிறேன்.